கொட்டன் கோணேஸ் தன் மகளுக்கு ஒரு டொக்டரைத் தெரிவு செய்த விதம்

சாம்பல்தீவு கோணேஸ்வரனின் வாழ்க்கை வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் ஆவணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சேட்டைக் கழற்றச் சொன்னால் போதும். வலது புருவத்துக்கு மேலே உள்ள பிளவு, அவர் வெறும் பார்வையாளராகப் போயிருந்த ஒரு காற்பந்துப் போட்டியில் கிடைத்தது. தோளில் உள்ள இரண்டு குழிகள், ஐஸ் தூக்கும் கிடுக்கியின் பற்கள் இறங்கிய இடம். பின்கழுத்துத் தழும்பு, தேர்வடத்தில் முன்னுக்கு நிற்கத் தகுதியுடையவர் யார் என்ற ஆன்மீகப் பிரச்சினையில் வந்தது. இத்தனை வருட யுத்தம் அவருடைய உடம்பில் ஒரு கீறலையும் போடவில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். எல்லாம் சமாதான காலத்தில் வாங்கியவை.

தொழில் ஐஸ் உடைப்பு. திருகோணமலையில் மீன் வள்ளங்கள் வந்து சேருகிற துறையில், ஆள் நீளமான ஐஸ் கட்டியை முதிரை மரக் கட்டையில் செய்த கொட்டனால் மூன்றே அடியில் நொறுக்கிப் பெட்டியில் தள்ளுவார். அதனால்தான் கொட்டன் கோணேஸ் என்ற பட்டம். ஆனால் கொட்டனை அவர் ஒருநாளும் மனிதர்மேல் ஓங்கியதில்லை. மனிதருக்கு வெறுங்கைதான். அந்த அளவுக்கு ஒழுக்கமான ஆள்.

அவருக்கு நிரந்தரமான ஓர் எதிரியைத் தேடிக் கொடுத்தது கலியாணம். மணமேடைக்குப் போகமுன் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதும், அதற்கு நன்றியாக மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவதும் வழக்கம். சுதர்ஷினியின் அண்ணன் இராசையா காலைக் கழுவினார். கோணேஸ் மோதிரம் போட்டார். கனமான பட்டை மோதிரம். நடுவில் புடைத்த மீன் ஒன்று. போட்ட கையோடு, ஊற்றிய தண்ணீர் கொதித்தது என்றார் கோணேஸ். காலை வேண்டுமென்றே உதறித் தன் முகத்தில் அடித்தார் என்றார் இராசையா. தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு ஒரு பல் குறைவாக இருந்தது. இடது கன்னத்தில் ஒரு மீன் சிவப்பாக நீந்தியது.

அன்று தொடக்கம் இராசையாவின் ஒவ்வொரு குத்தும் கோணேஸின் முகத்தில் அந்த மீனைப் பதித்துவிட்டே போகும். தான் தேர்ந்து வாங்கிய மோதிரத்தால் தானே அடிவாங்குகிற பாக்கியம் எல்லா மாப்பிள்ளைக்கும் வாய்ப்பதில்லை.

இருவருக்கும் இடையில் வீட்டுப் பிரச்சினை வேறு இருந்தது. அது சீதன வீடு. தங்கைக்காக இராசையா கூலர் லொறி ஓடி ஓடிக் கட்டியது. ஊர் வழக்கப்படி கோணேஸ் அதில் குடிவந்தவர். ஆகையால் அந்த வீட்டில் எந்தக் கதை எழும்பினாலும் இராசையா சுவரில் கையை வைத்து, “இது நான் வச்ச கல்லு” என்பார். கோணேஸ் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டுவார். மிச்சத்தை அயலட்டைச் சனம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொள்ளும்.

இந்த வீட்டில்தான் நிருஜா பிறந்தாள். வயது நாலு. தகப்பனின் கை அப்படியே வந்திருந்தது. கோபம் வந்தால் அந்தச் சின்னக் கை பின்னுக்குப் போய், தோளுக்கு மேல் எழும்பி, அடிக்கத் தயாராக நிற்கும். அவ்வளவுதான். அதற்குமேல் மூச்சுக் காணாது. பிள்ளை நெற்றி வேர்த்து நிலத்தில் குந்திவிடும். கை தானாகக் கீழே விழுந்துவிடும். அயல்வீட்டுப் பிள்ளைகள் அவள் குந்தும்வரை காத்திருந்து பொம்மையைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். கோணேஸ் தன் வாழ்க்கையில் பார்த்த கொடுமைகளில் அதுதான் பெரியது. அடிக்க நினைத்த ஒரு மனுசி அடிக்க முடியாமல் குந்துவதை அவரால் பார்க்க ஏலாது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு ஸ்கான் எடுத்தார்.

“இருதயத்தின்ர நடுச்சுவரில ஒரு ஓட்டை இருக்கு” என்றார்.

கோணேஸ் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினார். “ஆர் போட்டது?”

“ஒருத்தரும் போடேல்ல. பிறக்கேக்கயே இருந்திருக்கு.”

“இல்ல டொக்டர், பேரை மட்டும் சொல்லுங்கோ.”

சுதர்ஷினி அவருடைய சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இருத்தினாள். டொக்டர் அவளைப் பார்த்தே மிச்சத்தைச் சொன்னார். “சிறுவர் இருதய நிபுணர் ஒருத்தரிட்டக் கெதியாக் காட்டுங்கோ. நுரையீரலுக்குப் போற இரத்தத்தின்ர அழுத்தம் ஏறிக்கொண்டு போகுது. அது ஒரு எல்லையைத் தாண்டினால் பிறகு அந்த ஓட்டையை அடைக்கவே ஏலாது. மாதக் கணக்கில யோசிக்கிற அலுவல் இல்ல இது.”

வெளியே வந்த கோணேஸ் அடிப்பதற்கு ஆள் தேடினார். ஆஸ்பத்திரி வளவில் அவ்வளவு பேர் நின்றும் குற்றவாளி என்று சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு வேப்பமரத்துக்கு நாலு குத்து விட்டார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோணேஸின் விரல் மொளிகள் நாலிலும் தோல் போயிற்று. அடிபட்ட எதிரி திருப்பி அடிக்காமல் நிற்பது அவருக்குப் புதிய அனுபவம். அது அவரைப் பயப்படுத்தியது.

அன்று பின்னேரம் குடும்ப மாநாடு. இராசையா கொழும்பிலிருந்து லொறியோடு நேரே வந்து இறங்கி, கைத்தொலைபேசியில் ஒரு பெயர்ப்பலகையின் படத்தைக் காட்டினார்.

“இருதய நிபுணர். ரெண்டு தரம் ரீவியில வந்தவர். போர்ட்டைப் பாரும். பேருக்குக் கீழ பட்டம் மட்டும் ஏழு வரி. ஏழு! நான் கொழும்பு முழுக்கச் சுத்தினனான், இதுக்கு மேல நீளமான போர்ட் இல்ல.”

“போர்ட்டோ வந்து பிள்ளையை வெட்டப்போகுது?” என்றார் கோணேஸ். “டொக்டர் எண்டால் எங்கட இராசநாயகம் டொக்டர். என்ர தாடையை ரெண்டு தரம் பொருத்தினவர். காறை எலும்பை ஒரு தரம். மணிக்கட்டைப் பிடிச்சார் எண்டால் உடும்பு. பாரும், இந்தத் தாடையில ஒரு ஆட்டம் இருக்கோ?”

“ஆட்டம் இருக்கோ எண்டு நான் பாக்கட்டோ?”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் வைத்திய உலகத்தில் பழக்கம் குறைவில்லை. எலும்பு பொருத்துகிறவர், பல் பிடுங்குகிறவர், தையல் போடுகிற தாதி, பொலிசுக்கு அறிக்கை எழுதுகிறவர் என்று எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும். ஆனால் அத்தனை பேரும் அடிபட்ட இடத்தால் அறிமுகமானவர்கள். அடிபடாமல் நோய் வந்த ஒருவரை இந்தக் குடும்பம் அதுவரை வைத்தியரிடம் கொண்டுபோனதே இல்லை.

இராசையா ஆட்டம் பார்த்தார். மீன் இடது தாடையில் பதிந்தது. கோணேஸ் அவருடைய இடுப்பைக் கட்டித் தூக்கிக் கொண்டுபோய் அலுமாரியில் சாத்தினார். கண்ணாடி பொலபொலவென்று இருவர் தலையிலும் கொட்டியது. கதிரைகளில் ஒன்று கால் போய்ப் படுத்தது. அந்தக் காலையே தூக்கிக்கொண்டு இராசையா திரும்பவும் வந்தார். குசினி வாசலில் தேங்காய் துருவுகிற திருவலை காலில் தடக்கி இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே, எழும்புகிற சிரமம் இல்லாமல், தொடர்ந்து அடித்துக்கொண்டார்கள். கோணேஸின் முழங்கை இராசையாவின் மூக்கில் இறங்கியது. இரத்தம் இருவரின் சேட்டிலும் நீதியாகப் பங்கிடப்பட்டது.

சுதர்ஷினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொடியில் காய்ந்த வெள்ளை உடுப்புகளை இழுத்து எடுத்து, வெளியால் கதவைச் சாத்தினாள்.

“முடிஞ்ச உடன தட்டுங்கோ, திறக்கிறன்” என்றாள்.

அவள் சண்டையைத் தடுப்பதைக் கலியாணமாகி மூன்றாம் மாதமே விட்டுவிட்டாள். அடுத்த வீட்டில் போய் ஒரு பழைய கொப்பியும் பேனையும் கேட்டு வாங்கினாள். மறுநாள் தொடக்கம் ஆஸ்பத்திரிக் கிளினிக் வரிசையில், தன்னுடைய நாளில்லாத நாட்களிலும் போய் இருந்தாள். சட்டைக் கழுத்துக்குள் நேர்கோடாய்த் தழும்பு தெரிகிற பிள்ளைகளின் தாய்மாரைத் தேடிப் பிடித்துக் கதை கொடுத்தாள். ஆர் பார்த்தது, எத்தனை நாளில் எழும்பி நடந்தது, கேட்ட கேள்விக்கு டொக்டர் பதில் சொன்னாரோ, எரிந்து விழுந்தாரோ. வெருகலில் இருந்து வந்தவ, கிண்ணியாவில் இருந்து வந்தவ, நிலாவெளிக்காரி இரண்டு பேர். நாலு பேரில் மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். டொக்டர் சித்தி பரீதா. சிறுவர் இருதய நிபுணர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை டவுனுக்கு வந்து பார்க்கிறவ. சுதர்ஷினி இலக்கம் எடுத்தாள். பதினாலு.

இதற்கிடையில் கோணேஸ் தன் பக்கத்தால் முயற்சியைக் கைவிடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இராசநாயகம் டொக்டரிடம் போனார். அவர் நிமிர்ந்தே பார்க்காமல், “இந்த முறை என்ன உடைஞ்சது?” என்றார்.

“எனக்கில்ல டொக்டர். பிள்ளைக்கு. நெஞ்சில ஓட்டை.”

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “கோணேஸ், நான் எலும்பு.”

“நெஞ்சிலயும் எலும்பு கிடக்குதுதானே.”

“கிடக்குது. அதுக்கு உள்ளுக்கு இருக்கிறது என்ர இலாகா இல்ல. வளந்த ஆக்களின்ர இருதயம் பாக்கிறவரிட்டயும் கொண்டு போகாத. பெரியாக்களுக்குக் குழாய் அடைக்கும். இது கட்டினதிலயே பிழை. ரெண்டும் வேற வேற படிப்பு. பிள்ளையளின்ர இருதயத்துக்கெண்டே படிச்ச ஆளைப் பிடி. விளங்குதோ?”

“விளங்குது டொக்டர்.”

“அப்ப ஏன் கையைப் பொத்துறாய்?”

கோணேஸ் குனிந்து பார்த்தார். கை பொத்தித்தான் இருந்தது. மரியாதைக்குரிய மனிதர் என்பதால் அதைத் தன் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்து, படியோரம் நின்ற யாரோ ஒருவருடைய சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் போட்டார்.

அந்தப் பக்கத்தில் இராசையா ஏழு வரிக்காரரின் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் பேசிய பெட்டையின் முதல் கேள்வி, நோயாளிக்கு எத்தனை வயது. பதிலைச் சொன்னவுடன் அவள் சொன்ன செய்தியை இராசையா ஒருவருக்கும் சொல்லவில்லை. “கதைச்சுக்கொண்டிருக்கிறன்” என்று மட்டும் வீட்டில் அறிவித்தார். இரண்டு கிழமை கதைத்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு எல்லோரும் கிளினிக் நடையில் இருந்தார்கள். அழைக்காமலே இராசையாவும் வந்திருந்தார். கதவில் இருந்த பலகையில் டொக்டரின் பெயருக்குக் கீழே இரண்டே வரி. இராசையா அதைப் பார்த்துவிட்டு அனுதாபத்தோடு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“ரெண்டு வரி.”

கோணேஸுக்கும் திருப்தியில்லை. டொக்டர் ஆட்டோவில் வந்து இறங்கியபோதே பார்த்துவிட்டார். சின்ன உருவம். தலையைச் சுற்றிய சாம்பல்நிறத் துணி. மணிக்கட்டு இரண்டும் ஊசியாய் மெலிந்த முரல் மீன். ஒரு ஐஸ் வாளியைத் தூக்கச் சொன்னால் சரிந்துவிடும். அந்தக் கையிலா என்ர பிள்ளையைக் குடுக்கிறது?

ஆனாலும் இராசையா சொன்ன ஒன்றை ஒத்துக்கொள்வது கொள்கைக்கு விரோதம். “உம்மட ஏழு வரியான் எங்க? ரெண்டு கிழமையாக் காணேல்ல?” என்றார்.

“வாயை மூடும்.”

“எங்க எண்டு கேக்கிறன்.”

“இஞ்ச பாரும், நான் கட்டின வீட்டில…”

“கல்லு வச்ச கதையை விடும். எங்க ஆள்?”

இராசையா எழும்பினார். “அவர் பிள்ளையளைப் பாக்கிறேல்லையாம்!” என்று கத்திக்கொண்டே குத்தினார். வரலாற்றில் இவ்வளவு பலமான குத்தோடு ஒரு தோல்வி ஒப்புக்கொள்ளப்பட்டது அதுவே முதல்தரம். மீன் வலது கண்ணுக்குக் கீழே பதிந்தது.

கோணேஸ் பின்னால் இருந்த வாங்கின்மேல் விழுந்தார். அதில் இருந்த ஆறு பேரும் வாங்கோடு சரிந்தார்கள். அவர் எழும்பி வந்த வேகத்தில் இராசையாவின் வயிற்றில் தலையால் முட்ட, இராசையா தண்ணீர்ப் போத்தல் மேசையோடு போய்ச் சுவரில் அடிபட்டார். போத்தல் கவிழ்ந்து நடையெல்லாம் வெள்ளம். அந்த வெள்ளத்தில் இருவரும் வழுக்கி வழுக்கி அடித்தார்கள். விலக்குப்பிடிக்க வந்த காவலாளி சரீப், இருவரிடமும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு, தன் கடமை முடிந்தது என்று ஒரு மூலையில் இருந்துவிட்டார். இராசையா கோணேஸின் காதைப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினார். ஒரு தரம். இரண்டாம் தரம். நிலையில் இரத்தம் கோடாய் வழிந்தது. கோணேஸ் அவருடைய தொண்டையைப் பிடித்து எட்டி நிற்க வைத்து, வலது கையை முழுசாகப் பின்னுக்கு எடுத்தார். ஐஸ் கட்டிக்கு எடுக்கிற அளவு. அந்த வீச்சில் கலியாணம் தொட்டு வந்த பன்னிரண்டு வருடக் கோபமும், வேப்பமரத்துக்குப் போகாத மிச்சமும் இருந்தது. அது சரியான இடத்தில் விழுந்திருந்தால் சுதர்ஷினிக்கு அண்ணன் இருந்திருக்க மாட்டார்.

இராசையா குனிந்தார். கை சீமெந்துச் சுவரில் விழுந்தது. காய்ந்த தடி முறிகிற சத்தம் நடை முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் இருவருக்கும் நடுவில் நிருஜா நிற்பதைக் கண்டார்கள்.

தகப்பனை அடித்த மாமனை அடிப்பதற்குப் பிள்ளை வந்திருந்தாள். கை பின்னுக்குப் போயிருந்தது. தோளுக்கு மேல் எழும்பியும் இருந்தது. முகம் வெள்ளைத்தாளாய் வெளுத்திருந்தது. விலா எலும்புகள் சட்டைக்குள்ளால் ஏறி இறங்கின. அவள் மாமனைப் பார்த்தபடியே மெதுவாகத் தண்ணீருக்குள் குந்தினாள். கை தண்ணீரில் விழுந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

ஒருவரும் அசையவில்லை.

கதவு திறந்தது. சாம்பல்நிறத் துணி போட்ட அந்தச் சின்ன உருவம் இருவருக்கும் நடுவால், இரண்டு தூணுக்கு நடுவால் நடப்பதுபோல நடந்து வந்து, பிள்ளையைத் தூக்கி மார்பில் சாத்தி, “தாய் ஆர்? வாங்க” என்றது. சுதர்ஷினி கொப்பியோடு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளால் பூட்டு விழுந்தது.

பதினாலாம் இலக்கம் முதலாவதாகப் போனதை வரிசையில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

வெளியே இரண்டு வீரர்களும் தண்ணீரில் இருந்தார்கள். இராசையாவின் மோதிர விரல் கத்தரிக்காய் நீலமாகி வீங்கிக்கொண்டு வந்தது. கோணேஸின் வலது கை, விரல்கள் தொடங்குகிற இடத்தில் உள்ளுக்குப் போயிருந்தது.

“உயிர் இருக்குந்தானே?” என்றார் இராசையா.

கோணேஸ் கதவுக்கு மறுபக்கத்தில் பிள்ளை அழுகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழக்கூடாது என்று நாலு வருடமாகப் பிரார்த்தித்தவர் இப்போது அது அழவேண்டும் என்று வேண்டினார்.

கொஞ்ச நேரத்தால் அழுதது.

பிறகு பூட்டுத் திறந்தது. “தகப்பன் மட்டும். முகத்தைக் கழுவிப்போட்டு வாங்க. பிள்ளை பயப்படும்.”

உள்ளே நிருஜா கட்டிலில் படுத்திருந்தாள். நெஞ்சில் எக்கோ ஸ்கான் பார்க்க வேண்டும். பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். “நீங்க அவட தோளைப் பிடிங்க. அமத்தாதீங்க. சும்மா கையை வைங்க.” கோணேஸ் முறியாத கையை வைத்தார். அமத்தாமல் ஓர் உடம்பில் கை வைத்திருப்பது அவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. வியர்த்தது. டொக்டர் அந்த முரல் மீன் கையால் கருவியைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து இருபத்தைந்து நிமிடம் பார்த்தா. அந்தக் கை ஒரு தரமும் நடுங்கவில்லை. கோணேஸின் கைதான் மூன்றாம் நிமிடத்திலிருந்து நடுங்கியது.

சுதர்ஷினி கொப்பியைத் திறந்தாள்.

“இதே மாதிரிப் பிள்ளையள் எத்தனை பேரைப் பாத்திருக்கிறீங்கள்?”

டொக்டர் தொகையைச் சொன்னா.

“எல்லாரும் சுகமோ?”

“எல்லாரும் இல்ல. ரெண்டு பேரை நான் இழந்திருக்கன். அவங்கட பேர் எனக்கு ஞாபகம்.”

சுதர்ஷினியின் பேனை நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

“நீங்களோ வெட்டுறது?”

“இல்ல. நான் என்ன பிழை, எப்ப செய்யணும் எண்டு சொல்றவ. இந்த ஓட்டையை நரம்புக்குள்ளால குழாய் விட்டு மூட ஏலா, தைக்கத்தான் வேணும். அதுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் வேற. கொழும்புப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில நாங்க ஒரு கூட்டமாத்தான் இருந்து முடிவெடுக்கிற. ஒப்பரேசனுக்கு முன்னயும் பின்னயும் நான் பாப்பன். அழுத்தம் ஏறித்தான் இருக்கு, ஆனா எல்லை தாண்டல்ல. இந்த மாதமே வேணும். என்ட பேச்சில சந்தேகம் இருந்தா வேற ஒரு சிறுவர் இருதய நிபுணரிட்டயும் காட்டுங்க. பேர் எழுதித் தாறன். நான் கோவிக்க மாட்டன்.”

கோணேஸ் அதிர்ந்துபோனார். தன்னைச் சந்தேகி, வேறு ஆளைக் கேள் என்று ஒருவர் தானாகவே சொல்லி, பேரும் எழுதிக் கொடுக்கிறார்! துறைமுகத்தில் அவருடைய ஐஸ் உடைப்பை ஒருவன் சந்தேகித்தபோது அவனை மீன்பெட்டிக்குள் வைத்து மூடியவர் அவர்.

“என்னெண்டு தைக்கிறது, டொக்டர்?” என்று கேட்டார். அன்று அந்த அறைக்குள் அவர் பேசிய முதல் வார்த்தை.

டொக்டர் அவரைப் பார்த்தா. மறைக்கவில்லை. “நடுநெஞ்செலும்பை வாளால நேரா அறுப்பாங்க. ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிப்பாங்க. இருதயத்தை நிப்பாட்டுவாங்க.”

“நிப்பாட்டி?”

“ஓம். மெசின் இரத்தத்தை ஓட்டும். நிண்ட இருதயத்தைத் திறந்து, ஓட்டைக்கு மேல துண்டு வச்சுத் தைப்பாங்க. பிறகு திரும்ப ஓட விடுவாங்க.”

“ஓடாட்டி?”

“ஓடுறதுக்குத்தான் நாங்க அவ்வளவு பேர் நிக்கிற.”

கோணேஸ்வரன் தன்னுடைய முழு வாழ்க்கையையும் அந்த நிமிடத்தில் அளந்து பார்த்தார். காற்பந்துப் போட்டி, தேர்வடம், கிடுக்கி, அலுமாரி, இன்றைய நடை. எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒருவனுடைய நெஞ்சை அறுத்து இருதயத்தை நிறுத்தியதாக வரலாறு இல்லை. தான் அடிதடி என்று நினைத்துக்கொண்டிருந்தது சிறுபிள்ளை விளையாட்டு. உண்மையானது இந்த மெல்லிய ஆட்களிடம் இருக்கிறது. அதுவும் தன் பிள்ளைக்கு. அதுவும் தன் சம்மதத்தோடு.

அவர் நின்ற நிலையிலேயே விழுந்தார். விழும்போது நாடி கட்டில் விளிம்பில் பட்டு நாலு தையல் போட வேண்டி வந்தது. கோணேஸ்வரனை ஒரே வசனத்தில் விழுத்திய முதலாவது ஆள் என்ற பெருமை மூதூரில் பிறந்த டொக்டர் சித்தி பரீதாவுக்கே உரியது.

கண் விழித்ததும் சொன்னார்: “இவதான். வேற ஒருத்தரும் வேண்டாம்.”

“நான் அதைப் போன கிழமையே முடிவெடுத்திட்டன்” என்றாள் சுதர்ஷினி.

அதே நேரத்தில் பக்கத்து அறையில் தாதி ஒருத்தி சின்ன வாள் ஒன்றால் இராசையாவின் மோதிரத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். விரலைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. மீன் இரண்டு துண்டாயிற்று.

சம்மதப் பத்திரம் கொழும்பில் வைத்து வந்தது. வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் கோணேஸ் கையெழுத்துப் போட்டார். மூன்று தரம் பேனையை வைத்தார். மூன்று தரம் எடுத்தார். தாளில் இருந்தது ஒரே ஒரு வரிதான். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை யோசிக்காமல் அடித்தவர், யோசித்து ஒரு காயத்துக்குச் சம்மதிக்க இருபது நிமிடம் எடுத்தார். இராசையா பின்னால் நின்றார். சுவரில் கை வைக்கவில்லை. “போடும், மச்சான்” என்றார். கோணேஸ் போட்டார். எழுத்துகள் நண்டு நடந்த தடம் மாதிரி இருந்தன.

இரத்தம் தேவை என்றார்கள். இருவரும் போய் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் தொடாமல் அந்த இரண்டு பேரும் இரத்தம் சிந்திய ஒரே நாள் அது.

சத்திரசிகிச்சை ஐந்து மணித்தியாலம். அதை எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அடிக்க ஆளில்லாத ஒரு நடையில் கோணேஸ் ஐந்து மணித்தியாலம் இருந்தார். நாலாவது மணித்தியாலத்தில் தானாகவே எழும்பி, இராசையாவுக்கு முன்னால் போய் நின்று, “ஒண்டு அடியும்” என்று கேட்டார். இராசையா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அதைப்போல ஓர் அவமானம் அவருக்கு முன்னும் பின்னும் நேர்ந்ததில்லை.

பிறகு டொக்டர் சித்தி பரீதா வெளியே வந்தா. தலைத்துணி ஒரு பக்கம் நனைந்திருந்தது. “ஓடுது” என்றா. அந்த ஒரு சொல்தான்.

இன்று சாம்பல்தீவில் அந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய தழும்பு நிருஜாவினுடையது. தொண்டைக்குழியில் தொடங்கி நேரே இறங்குகிறது. தையல் விஷயத்தில் அனுபவசாலியான கோணேஸ் அதை வெளிச்சத்தில் வைத்துப் பரிசோதித்து, இப்படி ஒரு வேலையைத் தன் உடம்பில் ஒரு இடத்திலும் கண்டதில்லை என்று சான்றிதழ் வழங்கியிருக்கிறார். வெட்டுப்பட்ட மோதிரம் புதிய அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. ஒட்டித் தரட்டோ என்று தட்டான் கேட்டும் இராசையா கொடுக்கவில்லை. வீட்டுக் கல்லைப்பற்றி இன்னும் கதைக்கிறார். சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் இராசையா சாப்பிட வந்தவர், தெரியாமல் நிருஜாவின் கதிரையில் இருந்துவிட்டார். பிள்ளை எழும்பச் சொன்னாள். இராசையா சிரித்தார். நிருஜாவின் கை பின்னுக்குப் போயிற்று. தோளுக்கு மேல் எழும்பிற்று. சோற்றுக் கோப்பையோடு வந்த கோணேஸ் குசினி வாசலில் அப்படியே நின்றார். சுதர்ஷினியும் நின்றாள். பழக்கத்தால் இருவரும் பிள்ளை குந்துவதற்காகக் காத்திருந்தார்கள்.

பிள்ளை குந்தவில்லை.

அடி இராசையாவின் மூக்கில் நேராக விழுந்தது. அவர் கதிரையோடு பின்னுக்குச் சரிந்தார். இரண்டு மூக்குத் துவாரத்தாலும் இரத்தம் வந்தது. நிருஜா மூச்சு வாங்காமல் கதிரையை நிமிர்த்தி வைத்து, ஏறி இருந்து, “அம்மா, சோறு” என்றாள்.

நிலத்தில் கிடந்த இராசையா மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார். “மச்சான், கண்டனீரோ? அடிச்சிட்டாள்! மூச்சு இளைக்கேல்ல!”

கோணேஸ் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் குந்தினார். முறிந்து பொருந்திய கையை அவளுடைய நெஞ்சில், அமத்தாமல், வைத்துப் பார்த்தார்.

“இன்னொண்டு அடி, மகள்” என்றார். “மாமா ஒண்டும் சொல்ல மாட்டார்.”